டால்டா: நெய் வேடமிட்ட எண்ணெயின் கதை

மஞ்சள் நிற டால்டா டப்பாவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் இருந்திருக்க முடியாது. உள்ளே இருந்தது தீர்ந்த பிறகும் அந்த டப்பா வீட்டை விட்டுப் போகாது. பருப்பு போட்டு வைக்க, காசு சேர்க்க, மொட்டை மாடியில் துளசிச் செடி வளர்க்க என்று பல வேலைகளுக்கு உதவும். எந்த நிறுவனம் தயாரித்த வனஸ்பதியாக இருந்தாலும் மளிகைக் கடையில் "டால்டா கொடுங்க" என்றுதான் கேட்பார்கள். ஒரு வணிகப் பெயர் பொருளின் பெயராகவே மாறிவிட்டது.

ஆனால் டால்டா இந்தியாவில் பிறந்த பொருள் அல்ல. அதன் வேதியியல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் பிறந்தது. அதை இங்கே கொண்டு வந்தவர்கள் ஹாலந்து வியாபாரிகள். அதைப் பெரிதாக வளர்த்தது ஆங்கில-டச்சு நிறுவனமான யூனிலீவர்.

பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் பொருள்களை உள்ளூர்ப் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுகின்றன என்று வணிகவியல் பாடத்தில் படிக்கிறோம். பெரும்பாலும் அது ஒரு நல்ல விஷயமாகவே சொல்லப்படுகிறது. வாடிக்கையாளரை மதிக்கிறார்கள், அவர் பழக்கத்தைப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அதன் பொருள். டால்டாவின் வரலாறு இதன் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. ஒரு பொருள் உள்ளூர்ப் பொருளைப் போல மாறுவது வேறு, உள்ளூர்ப் பொருளாகவே தோன்றுவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் சுமார் எண்பது ஆண்டுகள் இந்தியாவில் நடந்த விவாதம்.

ஒரே எண்ணெய், மூன்று வேடங்கள்

கதை 1869-ல் பிரான்சில் தொடங்குகிறது. அங்கே வெண்ணெய் விலை அதிகமாக இருந்தது. படைவீரர்களுக்கும் ஏழைகளுக்கும் மலிவான மாற்று வேண்டும் என்று மன்னர் மூன்றாம் நெப்போலியன் விரும்பினார். இப்போலிட் மேஜ்-மூரியே என்ற வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பிலிருந்து வெண்ணெய் போன்ற ஒன்றைத் தயாரித்தார். அதுதான் மார்கரின். 1871-ல் அந்தச் செய்முறையை ஹாலந்து நாட்டின் ஆஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த யூர்கென்ஸ் குடும்பம் வாங்கியது. அதே ஊரின் வான் டென் பெர்க் குடும்பமும் இந்தத் தொழிலில் இறங்கியது. இருவரும் வெண்ணெய் வியாபாரிகள் என்பது குறிப்பிடத்தக்கது.

மாட்டுக் கொழுப்பு எல்லோருக்கும் போதுமான அளவு கிடைக்கவில்லை. தாவர எண்ணெய் மலிவு, ஆனால் அது திரவம். ரொட்டியில் தடவ முடியாது. இதற்கு விடை கண்டவர் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர். எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் உலோகத்தின் துணையோடு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது கெட்டியாகும் என்று கண்டு 1902-ல் காப்புரிமை பெற்றார். இதற்கு அடிப்படை அமைத்த பிரெஞ்சு அறிஞர் பால் சபாத்தியே 1912-ல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தக் கெட்டியான எண்ணெய்க்குத் தனக்கென்று நிறமோ மணமோ சுவையோ கிடையாது. அதுதான் அதன் பலம். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டின் கொழுப்பைப் போல வேடம் போட அதனால் முடிந்தது.

ஐரோப்பாவில் அது வெண்ணெய் வேடம் போட்டது. அமெரிக்காவில் பன்றிக் கொழுப்பு வேடம் போட்டது. அங்கே பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1911-ல் பருத்திக்கொட்டை எண்ணெயைக் கெட்டியாக்கி 'கிரிஸ்கோ' என்ற பெயரில் விற்றது. யூதர்கள் பன்றிக் கொழுப்பைத் தொட மாட்டார்கள். இறைச்சியோடு வெண்ணெயையும் சேர்க்க மாட்டார்கள். கிரிஸ்கோ இறைச்சியும் அல்ல, பாலும் அல்ல என்பதால் அவர்களுக்கு அது மிகவும் பொருத்தமாக இருந்தது. இதைப் புரிந்துகொண்ட நிறுவனம் 1933-ல் யூத இல்லத்தரசிகளுக்காக இத்திஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு சமையல் நூலையே வெளியிட்டது.

இந்தியாவுக்கு வந்தபோது அதே பொருள் நெய் வேடம் போட்டது.

நெய்யின் நாட்டில்

இந்தியாவின் வெயிலில் வெண்ணெய் நிற்காது. உருக்கி நெய்யாக்கினால் மாதக்கணக்கில் கெடாது. அதனால் நெய் இங்கே வெறும் சமையல் பொருளாக மட்டும் இருக்கவில்லை. வேள்விக்கு நெய், விளக்குக்கு நெய், குழந்தைக்கு முதல் சோற்றில் நெய், மருந்துக்கு நெய். வட இந்தியாவில் இதில் சாதி வழக்கமும் கலந்திருந்தது. தண்ணீரில் வேகவைத்த உணவை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கி உண்ண மாட்டார்கள். நெய்யில் பொரித்த உணவு என்றால் அந்தக் கட்டுப்பாடு தளரும். நெய் உணவைத் தூய்மைப்படுத்துகிறது என்பது நம்பிக்கை.

இவ்வளவு மதிப்புள்ள பொருளில் கலப்படம் வராமல் இருக்குமா? வந்தது. 1917-ல் கல்கத்தாவில் நெய்யில் விலங்குக் கொழுப்பு கலக்கப்படுகிறது என்ற செய்தி பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அதே ஆண்டில் வங்காளத்தில் கலப்படத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. ஆக, வனஸ்பதி வருவதற்கு முன்பே நெய்யைப் பற்றிய சந்தேகம் இந்த நாட்டில் இருந்தது.

1918 வாக்கில் ஹாலந்து மார்கரின் நிறுவனங்கள் கெட்டியாக்கிய தாவர எண்ணெயை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கின. 'வனஸ்பதி' என்ற சொல்லைக் கவனியுங்கள். தாவரத்தைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல் அது. விலங்குக் கொழுப்பைக் கண்டு அஞ்சிய மக்களுக்கு அந்தப் பெயரே ஒரு உறுதிமொழியாக இருந்திருக்கும்.

டால்டா என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஹாலந்திலிருந்து இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர் டாடா என்றும், அந்தப் பெயரின் நடுவே லீவர் நிறுவனம் தன் முதல் எழுத்தான 'எல்'லை நுழைத்து 1937-ல் டால்டா ஆக்கியது என்றும் சொல்வார்கள். கேட்க அழகான கதை. ஆனால் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் காலவரிசையோ ஹார்டாக் என்ற ஹாலந்து நிறுவனம் 1926-லேயே டால்டா என்ற வணிகச் சின்னத்தைப் பதிவு செய்ததாகக் குறிப்பிடுகிறது. அப்படியானால் லீவர் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பே பெயர் இருந்திருக்கிறது. பரவலாகச் சொல்லப்படும் கதை எல்லாம் வரலாறு ஆகிவிடாது என்பதற்கு இது ஒரு சிறிய உதாரணம்.

டின் வடிவ வண்டி

ஹாலந்தின் மார்கரின் நிறுவனங்களும் இங்கிலாந்தின் சோப்பு நிறுவனமான லீவர் பிரதர்ஸும் இணைந்து 1930 ஜனவரி 1-ம் தேதி யூனிலீவர் உருவானது. சோப்புக்கும் மார்கரினுக்கும் என்ன தொடர்பு? இரண்டுக்கும் மூலப்பொருள் எண்ணெயும் கொழுப்பும்தான். அடுத்த ஆண்டே ஹிந்துஸ்தான் வனஸ்பதி நிறுவனம் பதிவானது. 1932-ல் பம்பாய் சேவ்ரியில் உற்பத்தி தொடங்கியது. இறக்குமதிப் பொருள் உள்நாட்டுப் பொருளாயிற்று.

பொருள் தயாராகிவிட்டது. ஆனால் நெய்யையே தெய்வமாக நினைக்கும் வீடுகளுக்குள் அது எப்படி நுழையும்? இந்த வேலை யூனிலீவரின் விளம்பரப் பிரிவான லிண்டாஸிடம் வந்தது. அங்கே ஹார்வி டங்கன் என்பவர் 1939-ல் நடத்திய பிரச்சாரம் இந்திய விளம்பர வரலாற்றில் தனி இடம் பெற்றது. படித்தவர்களுக்குப் பத்திரிகை விளம்பரம். படிக்காதவர்களுக்குத் திரையரங்கில் குறும்படம். தெருவில் டால்டா டின் போலவே உருண்டையாகச் செய்யப்பட்ட வண்டி. கூட்டம் கூடும் இடங்களில் டால்டாவில் சூடாகப் பொரித்த பலகாரத்தை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். ஓட்டல்களுக்குப் பெரிய சதுர டின், வீடுகளுக்குச் சிறிய உருண்டை டின் என்று அளவுகளும் பிரிக்கப்பட்டன. பிறகு சமையல் குறிப்பு நூல்களும் வந்தன. இன்று சந்தைப்படுத்தல் பாடத்தில் படிக்கும் எல்லா உத்திகளும் அன்றே கையாளப்பட்டிருக்கின்றன.

இதற்குப் பின்னால் இந்தியர்களும் இருந்தார்கள். 1937-ல் இந்நிறுவனத்தில் சேர்ந்த பிரகாஷ் டாண்டன் 1951-ல் முதல் இந்திய இயக்குநர் ஆனார். 1961-ல் ஹிந்துஸ்தான் லீவரின் முதல் இந்தியத் தலைவரும் ஆனார். 1941-லேயே சென்னையில் விற்பனை முகவாண்மை இருந்தது. 1951-ல் திருச்சியில் இருந்த வனஸ்பதி ஆலையையும் நிறுவனம் வாங்கியது.

தமிழ்நாட்டில் அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று பழக்கமான எண்ணெய்கள் இருந்தன. அதனால் இங்கே டால்டா நெய் இருந்த இடங்களைப் பிடித்தது. இனிப்புக் கடை, பிரியாணி, பரோட்டா, பேக்கரி, தீபாவளிப் பலகாரம் ஆகியவையே அந்த இடங்கள். நெய் வாங்க வசதியில்லாத வீட்டிலும் பண்டிகை நாளில் மைசூர்பாகு கிளற முடிந்தது. டால்டா செய்த இந்த நன்மையை மறுக்க முடியாது. எட்டாக் கனியாக இருந்த ஒரு சுவையை, அதன் சாயலிலாவது, அது ஏழை வீட்டுக்குக் கொண்டு வந்தது.

டால்டா என்ற பெயர் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஒரு சுவையான செய்தி உண்டு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலாவின் புனைபெயர் 'டால்டா 13'. அவர் பிறந்தது 1913. அவருடைய காரின் பதிவு எண் டி.எல்.டி 13.

வெளுத்ததெல்லாம் பால் அல்ல

நல்ல நெய்யை நம் வீடுகளில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மணல் மணலாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வனஸ்பதியும் மணல் மணலாக இருந்தது. அது தற்செயல் அல்ல. நெய்யைப் போன்ற பதம் வரும்படியே ஆலையில் அதைத் தயாரித்தார்கள்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. டால்டா டின்னில், டால்டா என்ற பெயரோடு விற்கும்வரை யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் நெய் போலவே இருக்கும் ஒரு பொருள் நெய்யை விட மலிவாகக் கிடைத்தால் நடுவில் இருக்கும் வியாபாரி என்ன செய்வார்? இரண்டையும் கலந்து நெய் விலைக்கு விற்பார். நாடு முழுவதும் அதுதான் நடந்தது. இனிப்புக் கடைகளில் 'சுத்தமான நெய்யில் தயாரித்தது' என்று பலகை மாட்டுகிறார்கள் அல்லவா? நெய்க்கு முன்னால் அப்படி ஒரு அடைமொழி தேவைப்படுவதே இந்தச் சந்தேகத்தின் அடையாளம்தான்.

பால் மாடு வளர்க்கும் விவசாயி பாதிக்கப்பட்டார். கலப்பட நெய்யோடு விலையில் அவரால் போட்டி போட முடியவில்லை. 1940-களில் காந்தி ஹரிஜன் இதழில் வனஸ்பதியை எதிர்த்து எழுதினார். சுதந்திரத்துக்குப் பிறகு வனஸ்பதியைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் நாடாளுமன்றத்திலும் ஒலித்தது. 1950-களில் பிரதமர் நேரு இது பற்றி நாடு தழுவிய கருத்துக் கணிப்புக்கு ஏற்பாடு செய்தார். தெளிவான முடிவு எதுவும் கிடைக்கவில்லை. தடை வரவில்லை.

நல்லெண்ணெய் காட்டிக் கொடுத்தது

தடை செய்ய முடியாது என்றால் அடையாளமாவது காட்ட வேண்டும். வனஸ்பதிக்குச் சாயம் பூசலாம் என்பது ஒரு யோசனை. கலப்படம் செய்தால் நெய்யின் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு அமெரிக்காவில் முன்னுதாரணம் உண்டு. 1891-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மார்கரினை இளஞ்சிவப்பு நிறத்தில்தான் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. யாரும் வாங்க மாட்டார்கள் என்பதற்காகவே போடப்பட்ட சட்டம் அது. 1898-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தியாவில் சாயத்துக்கான ஆராய்ச்சி வெற்றி பெறவில்லை. உடலுக்குக் கெடுதல் இல்லாத, சூட்டில் மாறாத, ஏமாற்றுக்காரர்களால் நீக்க முடியாத சாயம் கிடைப்பது எளிதாக இல்லை.

வேறொரு வழி கைகொடுத்தது. நல்லெண்ணெயில் ஒரு விசேஷம் உண்டு. அதோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளையும் சேர்த்துக் குலுக்கினால் ரோஜா நிறம் தோன்றும். இதற்கு பௌடோயின் சோதனை என்று பெயர். வனஸ்பதி தயாரிக்கும் ஒவ்வொரு ஆலையும் அதில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்தது. பிறகு எந்தக் கடை நெய்யைச் சோதித்தாலும், சிவந்தால் அதில் வனஸ்பதி இருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. அந்நியப் பொருள் நெய் போல மாற எவ்வளவோ பாடுபட்டது. அதன் உள்ளே ஒரு உள்ளூர் எண்ணெயைக் கலந்து, அதையே சாட்சியாக வைத்தது அரசு. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத சாட்சி. 1953 முதல் வனஸ்பதியில் வைட்டமின் ஏ சேர்ப்பதும் கட்டாயமானது. நெய்யில் இயற்கையாகவே இருப்பது இதில் இல்லை என்பதால் இந்த ஏற்பாடு.

இரண்டு நம்பிக்கைத் துரோகங்கள்

1983-ல் இன்னொரு புயல் வீசியது. சில தயாரிப்பாளர்கள் இறக்குமதியான மாட்டுக் கொழுப்பை வனஸ்பதியில் கலக்கிறார்கள் என்று தெரிய வந்தபோது வட இந்தியா கொந்தளித்தது. தாவரம் என்ற பெயரை நம்பி வாங்கிய சைவ உணவுக்காரர்களுக்கு இது வெறும் கலப்படம் அல்ல. 1917-ல் நெய்க்கு நேர்ந்தது 1983-ல் வனஸ்பதிக்கு நேர்ந்தது.

இதே போன்ற ஒன்று அமெரிக்காவிலும் நடந்தது. மெக்டொனால்ட்ஸ் 1996-ல் டெல்லியில் முதல் கடையைத் திறந்தபோது மாட்டிறைச்சியை முற்றிலும் தவிர்த்தது. உள்ளூர்ப் பண்பாட்டுக்கு ஏற்ப மாறியதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அது. ஆனால் 2001-ல் அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் மீது சைவ உணவுக்காரர்களும் இந்துக்களும் வழக்குத் தொடர்ந்தார்கள். தாவர எண்ணெயில் பொரித்ததாகச் சொல்லப்பட்ட உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சாறு சுவைக்காகச் சேர்க்கப்பட்டிருந்தது. 2002-ல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பொருளில் என்ன இருக்கிறது என்பதை விட, என்ன இருக்கிறது என்று சொல்லப்படவில்லை என்பதுதான் மக்களை அதிகம் காயப்படுத்துகிறது.

பாதியில் நிறுத்திய வேதியியல்

டால்டாவை எதிர்த்தவர்கள் எழுப்பிய கேள்விகளில் உடல்நலமும் ஒன்று. அன்று அதற்கு உறுதியான அறிவியல் சான்று இல்லை. சான்று வந்தது 1990-களில்.

எண்ணெயில் ஹைட்ரஜனை முழுமையாகச் செலுத்தினால் அது மெழுகு போலக் கல்லாகிவிடும். நெய் போல மென்மையாக வேண்டும் என்றால் பாதியில் நிறுத்த வேண்டும். அப்படிப் பாதியில் நிறுத்தும்போது சில கொழுப்பு மூலக்கூறுகள் இயல்பான வளைவை இழந்து நேராக நிமிர்ந்துவிடுகின்றன. இவைதான் டிரான்ஸ் கொழுப்பு. ஹாலந்து அறிஞர்கள் மென்சிங்க், காட்டன் ஆகியோர் 1990-ல் வெளியிட்ட ஆய்வு, இது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்று காட்டியது. 1993-ல் அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு இதை இதய நோயோடு தொடர்புபடுத்தியது. முதல் மார்கரின் பிறந்ததும் ஐரோப்பாவில், இந்தக் கெடுதலை முதலில் அளந்ததும் ஹாலந்தில்.

சற்று யோசித்துப் பாருங்கள். நெய்யைப் போல மென்மையாக, மணல் மணலாக இருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனைதான் வேதியியலைப் பாதியில் நிறுத்தச் சொன்னது. எந்த வேடம் டால்டாவை இந்தியச் சமையலறைக்குள் கொண்டு வந்ததோ அதே வேடம்தான் ஆபத்தையும் உள்ளே கொண்டு வந்தது. 1937-ல் இது யாருக்கும் தெரியாது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு டால்டாவின் காலம் முடிந்துவிட்டது. சுத்திகரித்த சமையல் எண்ணெய்கள் பாக்கெட்டுகளில் வந்து அதன் இடத்தைப் பிடித்தன. 2003-ல் ஹிந்துஸ்தான் லீவர் டால்டாவை பன்கே என்ற நிறுவனத்துக்கு விற்றது. டென்மார்க் 2003-லேயே டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீத வரம்பு விதித்தது. இந்தியா 2011-ல் 10 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதே 2 சதவீதத்துக்கு வந்து சேர்ந்தது. டென்மார்க்குக்கும் இந்தியாவுக்கும் இடையில் கிட்டத்தட்ட 19 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் மலிவான கொழுப்பையே நம்பியிருந்தவர்கள் யார் என்று கேட்டால், நெய் வாங்க முடியாதவர்கள் என்பதே பதில்.

முடிவாக

டால்டாவின் கதையை ஒரு வெள்ளைக்கார நிறுவனம் செய்த சூழ்ச்சி என்று சொல்வது எளிது. உண்மை அப்படி இல்லை. அது ஏழை வீட்டில் பலகாரம் மணக்கச் செய்தது. இந்தியர்களே அதை விற்றார்கள், இந்தியர்களே அதை நெய்யில் கலந்தார்கள். மறுபுறம், உள்ளூர்ப் பண்பாட்டை மதித்த வெற்றிக் கதை என்று மட்டும் சொன்னாலும் பாதி உண்மையே.

பண்பாட்டுக்கு ஏற்ப மாறுவது என்றால் அங்குள்ள மக்கள் எதை விரும்புகிறார்கள் என்று தெரிந்துகொள்வது மட்டுமல்ல, தாங்கள் வாங்குவது என்ன என்று அவர்கள் தெரிந்துகொள்ளும்படி செய்வதும் அதில் அடங்கும். முதல் வேலையை நிறுவனங்கள் எப்போதும் சிறப்பாகச் செய்துவிடுகின்றன. இரண்டாவது வேலையைச் செய்ய வைக்கச் சட்டமும், சோதனைச் சாலையும், ஐந்து சதவீத நல்லெண்ணெயும் தேவைப்பட்டன.

பழைய வீடுகளின் மாடியில் துருப்பிடித்த டால்டா டப்பா ஒன்று இன்னும் இருக்கலாம். அதில் வளரும் துளசிச் செடியைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் வரப்போவதில்லை.